ராத்திரியில் எழுப்பும் மூட்டு வலி: எலும்பு மருத்துவரிடம் கேளுங்கள்

கேள்வி: டாக்டர், வணக்கம். என் மகனுக்கு 14 வயது, ஒன்பதாம் வகுப்பு படிக்கிறான். எட்டு மாதமாக வலது முழங்கால் வலிக்கிறது என்கிறான். பகலில் ஓரளவு பரவாயில்லை. ராத்திரி ஒன்றரை, இரண்டு மணிக்கு எழுந்து காலைப் பிடித்துக்கொண்டு அழுகிறான். வீட்டில் இருக்கும் வலி மாத்திரையைக் கொடுத்தால் அரை மணி நேரத்தில் தூங்கிவிடுகிறான். முழங்காலுக்கு எக்ஸ்ரே, எம்.ஆர்.ஐ. இரண்டும் எடுத்து ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டார்கள். ரத்தத்தில் ஏ.எஸ்.ஓ. கொஞ்சம் கூடுதல் என்று மூன்று மாதம் பென்சிலின் ஊசி போட்டோம். கால்சியம், வைட்டமின் டி எல்லாம் கொடுத்தாகிவிட்டது. மாமியார் அது வளர்ற வலி என்கிறார். பள்ளியில் பி.டி. பீரியடுக்குப் பயந்து நடிக்கிறான் என்கிறார்கள். இப்போது லேசாக விந்தி நடக்கிறான், சப்பணம் போட்டு உட்காரச் சொன்னால் வலது காலை நீட்டிக்கொள்கிறான். அடுத்து எங்கே போவது என்றே தெரியவில்லை.
ஒரு தாய், ஒட்டன்சத்திரம்

பதில்: அம்மா, உங்கள் பையன் நடிக்கவில்லை. இதை நீங்கள் இன்றைக்கே அவனிடம் சொல்லிவிடுங்கள், மற்றதெல்லாம் அப்புறம். பி.டி. பீரியடுக்குப் பயந்தவன் காலையில் வலிக்கிறது என்பானே தவிர, வீடே தூங்கும்போது ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்க மாட்டான்.

உங்கள் கடிதத்தில் நான் திரும்பத் திரும்பப் படித்தது கடைசியில் போகிற போக்கில் எழுதியிருக்கும் சப்பணத்தைத்தான். சப்பணம் போட முழங்கால் மடங்கினால் மட்டும் போதாது, தொடை எலும்பு இடுப்போடு சேருகிற பந்துக்கிண்ண மூட்டு நன்றாக மடங்கி வெளிப்பக்கம் திரும்ப வேண்டும். முழங்கால் எக்ஸ்ரே சரி, முழங்கால் எம்.ஆர்.ஐ. சரி, ஆனால் சப்பணம் போட முடியவில்லை, விந்தி நடக்கிறான் என்றால் கோளாறு இடுப்பு மூட்டில் இருக்கலாம். இரண்டு மூட்டுக்கும் கிளை கொடுக்கிற நரம்பு ஒன்று உண்டு, அதனால் இடுப்பு மூட்டில் உள்ள நோவை முழங்கால் வலியாக மூளை எடுத்துக்கொள்ளும். குழந்தைகளிடம் இது இன்னும் அதிகம். முழங்கால் வலி என்று வருகிற எந்தப் பிள்ளைக்கும் இடுப்பைத் திருப்பிப் பார்க்காமல் அனுப்பக் கூடாது என்று எங்களுக்கு முதல் வருடத்திலேயே சொல்லிக் கொடுப்பார்கள். கூட்டம் நிறைந்த ஓ.பி.யில் அது தவறிவிடுகிறது.

எனவே இந்த வாரமே இரண்டு இடுப்பு மூட்டும் சேர்ந்து தெரிகிற மாதிரி எக்ஸ்ரே எடுங்கள், நேராக ஒன்று, தவளை போலக் காலை அகட்டி வைத்து ஒன்று. அவசரப்படுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. இந்த வயதுப் பையன்களுக்குத் தொடை எலும்பின் பந்து தன் கழுத்திலிருந்து நழுவுகிற ஒரு நோய் உண்டு, அதுவும் சில பிள்ளைகளுக்கு வெறும் முழங்கால் வலியாகவே ஆரம்பிக்கும், அதைத் தள்ளிப்போட முடியாது. அது இல்லை என்பது முதலில் உறுதியாக வேண்டும். படம் எடுக்கிற வரைக்கும் ஓட்டம், குதித்தல், சைக்கிள் எதுவும் வேண்டாம்.

அது இல்லை என்றானால் என் சந்தேகம் ஆஸ்டியாய்ட் ஆஸ்டியோமா மேல். பெயர்தான் பெரியது, ஆள் சிறியது: ஒன்றரை சென்டிமீட்டருக்குள் அடங்கிவிடுகிற, பெரும்பாலும் ஒரு கொண்டைக்கடலை அளவே உள்ள எலும்புக் கட்டி. கட்டி என்றதும் பயந்துவிடாதீர்கள். இது புற்றுநோயும் இல்லை, புற்றுநோயாக மாறுவதும் இல்லை, வேறு இடத்துக்குப் பரவுவதும் இல்லை. நியூயார்க்கில் ஹென்றி ஜாஃபே என்ற நோய்க்கூறியல் மருத்துவர் 1935ல் இதைத் தனி நோயாக வகைப்படுத்தி எழுதினார். 5 வயதிலிருந்து 25 வயதுக்குள்தான் பெரும்பாலும் வரும், பெண்களைவிட ஆண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு அதிகம், பாதிக்கு மேல் தொடை எலும்பிலும் கால் எலும்பிலும்தான்.

இவ்வளவு சின்னக் கட்டி ஏன் இப்படி வலிக்கிறது? வலியையும் வீக்கத்தையும் உண்டாக்கும் புரோஸ்டாகிளாண்டின் என்ற ரசாயனத்தை இந்தக் கட்டி தானே ஏராளமாகச் சுரக்கிறது, போதாததற்கு உள்ளேயே நரம்பிழைகளும் ஓடுகின்றன. ஐபுபுரூஃபன், நாப்ராக்சென் மாதிரி மாத்திரைகள் செய்வது அந்த ரசாயனத்தின் உற்பத்தியைத் தடுப்பதைத்தான், அதனால்தான் அரை மணி நேரத்தில் பையன் தூங்கிவிடுகிறான். "சாதாரண மாத்திரைக்கே கேட்கிறதே, பெரிதாக ஒன்றும் இருக்காது" என்று வீட்டிலும் ஏன் சில மருத்துவமனைகளிலும்கூட சொல்வார்கள், ஆனால் இந்த நோயில் அந்த நிவாரணமே துப்பு. மாத்திரை போட்டால் சுத்தமாக நின்று, மறுநாள் ராத்திரி அதே நேரத்துக்குத் திரும்ப வருகிற, ஒரே இடத்து வலி என்றால் எலும்புக்குள் பார்த்தே ஆக வேண்டும்.

இடுப்புக்கு எடுக்கும் சாதாரண எக்ஸ்ரேயிலும் இது தெரியாமல் போகலாம், அதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன், மறுபடி "ஒன்றுமில்லை" என்று கேட்டு நீங்கள் மனம் உடைந்துவிடக் கூடாது. கால் எலும்பின் நடுவில் இந்தக் கட்டி வந்தால் சுற்றியுள்ள எலும்பு தடித்துப் படத்தில் வெள்ளையாகப் பளிச்சென்று தெரியும். மூட்டு உறைக்குள் இருக்கிற எலும்பின் மேல் அப்படிப் புது எலும்பைப் போடும் படலம் சரியாகக் கிடையாது, ஆகவே தடிப்பும் வராது. தடிப்புக்குப் பதிலாக மூட்டில் நீர் கோத்துக்கொள்ளும், மூட்டின் உள்சவ்வு வீங்கும், காலை அசைக்க முடியாமல் பிடித்துக்கொள்ளும், பார்ப்பவர்களுக்கு முடக்குவாதம் மாதிரியோ மூட்டுக் காசநோய் மாதிரியோ தோன்றும். எம்.ஆர்.ஐ.யும் சில நேரம் திசைதிருப்பும், ஏனென்றால் எலும்பு மஜ்ஜையிலும் மூட்டிலும் உள்ள நீரை அது பெரிதாகக் காட்டும், நடுவில் உள்ள கடலை கண்ணில் படாது. இதற்குச் சரியான படம் சி.டி. ஸ்கேன், அதிலும் ஒன்று இரண்டு மில்லிமீட்டர் இடைவெளியில் மெல்லிய துண்டுகளாக எடுத்தது. சந்தேகம் என்ன என்று ஸ்கேன் சீட்டிலேயே மருத்துவர் எழுதிக் கொடுத்தால்தான் அப்படி எடுப்பார்கள், அதை நீங்களே கேட்டு வாங்குங்கள், கேட்பதில் தவறே இல்லை.

நான் முதுகலை படிக்கும்போது ஒரு கல்லூரிப் பெண் இடுப்பு மூட்டுக் காசநோய் என்று ஒன்பது மாதம் மாத்திரை சாப்பிட்டு முடித்துவிட்டு எங்கள் வார்டுக்கு வந்தாள். வலி கொஞ்சமும் குறையவில்லை. கையில் ஒரு நாற்பது பக்க நோட்டு, அதில் தினமும் வலி வந்த நேரம், மாத்திரை போட்ட நேரம், தூங்கிய நேரம் மூன்றையும் பென்சிலால் கோடு போட்டு எழுதியிருந்தாள். 1.40, 1.55, 2.10 என்று பக்கம் பக்கமாக. அத்தனை நாளும் நாங்கள் அவள் படங்களைத்தான் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தோமே தவிர அந்த நோட்டை யாரும் கேட்டு வாங்கவில்லை, எங்கள் பேராசிரியர்தான் வாங்கி முழுக்கப் படித்துவிட்டு, எழுந்து போய் சி.டி. எழுதிக் கொடுத்தார். தொடை எலும்பின் கழுத்தில், மூட்டு உறைக்குள், ஒரு சென்டிமீட்டர்கூட இல்லாத கட்டி. எனக்கு இன்றைக்கும் அந்தப் பெண்ணின் நோட்டு ஞாபகம் வராமல் ஒரு ராத்திரி வலியைக் கேட்க முடியாது.

நீங்களும் பத்து நாள் அப்படி எழுதுங்கள். கூடவே தையல் டேப்பை எடுத்து முழங்கால் சில்லின் மேல் விளிம்பிலிருந்து 15 சென்டிமீட்டர் மேலே இரண்டு தொடையின் சுற்றளவையும் அளந்து குறித்துக்கொள்ளுங்கள், வலிக்கிற கால் இளைத்திருந்தால் அது பொய் சொல்லாது. வலிக்குப் பயந்து அந்தக் காலில் பாரம் குறைவதால் தசை வற்றுகிறது.

மாமியார் சொல்கிற வளர்ற வலி அநேகமாக இன்னும் சின்னப் பிள்ளைகளுக்கு வருவது. இரண்டு காலிலும் மாறி மாறி வரும், சாயங்காலமோ ராத்திரியோ வந்து காலையில் சுவடே இல்லாமல் போய்விடும், பிள்ளை விந்த மாட்டான். எட்டு மாதமாக ஒரே காலில், விந்தலோடு இருப்பதை அந்தக் கணக்கில் சேர்க்க முடியாது. ஏ.எஸ்.ஓ. கூடுதல் என்பது எப்போதோ தொண்டைப் புண் கிருமி வந்து போனதைச் சொல்லும், அவ்வளவுதான். அந்த ஒரு எண்ணை மட்டும் வைத்துப் பென்சிலின் போட வேண்டியதில்லை.

இன்னும் இரண்டு விஷயம். எண்ணெய் போட்டு நீவுவது, கட்டுப் போடுவது எதுவும் வேண்டாம். வீக்கம் கண்ணுக்குத் தெரிந்து பெருத்தாலோ, காய்ச்சல் வந்தாலோ, எடை குறைந்தாலோ, மாத்திரைக்கு வலி கேட்காமல் போனாலோ பத்து நாள் நோட்டுக்குக் காத்திருக்காதீர்கள், அன்றைக்கே போங்கள், ஏனென்றால் இதே வயதில் எலும்புப் புற்றுநோயும் வரும், நான் கடிதத்தைப் படித்துச் சொல்வது சந்தேகம்தான், முடிவு இல்லை. மாத்திரையை வெறும் வயிற்றில் கொடுக்காதீர்கள், எடைக்குத் தகுந்த அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள், பிள்ளைகளுக்கு ஆஸ்பிரின் கூடாது, காய்ச்சல் அடிக்கிற நாளில் டெங்குவா என்று தெரிகிற வரை ஐபுபுரூஃபனும் கூடாது.

கேள்வி: என் மகளுக்கு வயது 19. நீங்கள் சொல்கிற அதே ஆஸ்டியாய்ட் ஆஸ்டியோமாதான், தொடை எலும்பில் என்று சி.டி.யில் கண்டுபிடித்துவிட்டார்கள். ஊசி வழியாக உள்ளே சூடு வைத்துச் சரிசெய்யலாம் என்கிறார்கள். சூடு என்றதும் என் அம்மா அழ ஆரம்பித்துவிட்டார், சின்ன வயதில் அவருக்கு மஞ்சள் காமாலைக்குக் கையில் சூடு போட்ட தழும்பு இன்னும் இருக்கிறது. அறுவை சிகிச்சையே பண்ணிவிடலாமா, அல்லது மாத்திரையிலேயே ஓட்டிவிடலாமா?
ஒரு தந்தை, கோவை

பதில்: பாட்டியின் பயம் எனக்குப் புரிகிறது, அந்தத் தழும்பை எத்தனையோ கைகளில் பார்த்திருக்கிறேன். அதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்று அவரிடம் பொறுமையாகச் சொல்லுங்கள். உங்கள் மகளுக்கு மயக்க மருந்து கொடுத்து, சி.டி. மேசையில் படுக்க வைத்து, படத்தைப் பார்த்துக்கொண்டே எலும்பில் மெல்லிய துளை போட்டு, கட்டியின் நட்டநடுவில் ஊசியின் நுனியைக் கொண்டுபோய் நிறுத்துவார்கள். நுனியைச் சுற்றி மட்டும் ரேடியோ அலை மூலம் 90 டிகிரி செல்சியஸ் வெப்பம், ஏறக்குறைய ஆறு நிமிடம். கட்டி அங்கேயே வெந்து செத்துவிடும். தோலில் ஒரு சின்னத் துளை, அதற்கு ஒரு பிளாஸ்திரி. அன்றைக்கோ மறுநாளோ வீட்டுக்குப் போய்விடலாம். மயக்க மருந்து ஏன் என்று கேட்பீர்கள், அந்தக் கட்டியைத் தொட்டால் அவ்வளவு வலிக்கும், மயக்கத்தில் இருக்கும்போதே ஊசி கட்டிக்குள் நுழைகிற நொடியில் நாடித்துடிப்பு ஏறுவதை மானிட்டரில் பார்க்கலாம்.

பாஸ்டன் நகர மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் டேனியல் ரோசென்தால் குழுவினர் 1992ல் இந்த முறையை எழுதினார்கள். அதற்கு முன்பு கட்டியைச் சுற்றி எலும்பைத் துண்டாகவே வெட்டி எடுப்பார்கள், கொண்டைக்கடலையை எடுப்பதற்கு எவ்வளவு நல்ல எலும்பு போயிற்று என்று நினைத்தால் வருத்தமாக இருக்கும். தொடை எலும்பு மாதிரி உடம்பைத் தாங்குகிற எலும்பில் அப்படி வெட்டினால் சில நேரம் பிளேட் வைக்க வேண்டும், மாதக்கணக்கில் ஊன்றுகோலோடு நடக்க வேண்டும். இன்றைக்குப் பத்தில் ஒன்பது பேருக்கு ஊசி முறையே முதல் தடவையில் போதும், மிச்சம் பேருக்கு இன்னொரு தடவை செய்யலாம். பழைய ராத்திரி வலி ஒரு சில நாளில் காணாமல் போய்விடும், ஊசி போன இடத்தின் நோவு மட்டும் கொஞ்சம் இருக்கும். மூன்று மாதம் குதிப்பது, நீண்ட ஓட்டம் வேண்டாம் என்பார்கள், துளை போட்ட எலும்பு பலப்பட வேண்டும் அல்லவா. முக்கியமான நரம்பை ஒட்டியோ தோலுக்கு மிக அருகிலோ கட்டி இருந்தால் மட்டும் யோசித்துச் செய்வார்கள்.

மாத்திரையில் ஓட்டலாமா என்றால், சில வருடங்களில் இந்தக் கட்டி தானாகவே அடங்குவது உண்டு, அது உண்மை. ஆனால் அத்தனை வருடம் தினமும் வலி மாத்திரை என்றால் வயிறும் சிறுநீரகமும் தாங்க வேண்டும். கட்டி மூட்டை ஒட்டி இருந்தால் மூட்டும் கெட ஆரம்பிக்கும். 19 வயதில் ஒரு பெண் ராத்திரித் தூக்கத்தை வருடக்கணக்கில் இழப்பதற்கு நான் சம்மதிக்க மாட்டேன். செய்துவிடுங்கள்.

கேள்வி: எனக்கு 31 வயது. ஒன்றரை வயதுக் குழந்தை இருக்கிறது. குழந்தையைத் தூக்கும்போதும் தோசைக்கல்லைப் பிடித்து இறக்கும்போதும் வலது மணிக்கட்டு வலித்தது, ஐந்து மாதமாக நரம்புப் பிடிப்பு என்று தைலம் தேய்த்தேன். இப்போது லேசாக வீங்கியிருக்கிறது. எக்ஸ்ரேயில் எலும்பு நுனியில் சோப்பு நுரை மாதிரி ஓட்டை, ஜெயன்ட் செல் கட்டி போலிருக்கிறது, கேன்சர் இல்லை என்றார்கள். கேன்சர் இல்லை என்றால் குழந்தை கொஞ்சம் வளரும் வரை தள்ளிப்போடலாமா? சொந்தத்தில் ஒருவர் நாட்டுக் கட்டுப் போட்டால் ஓட்டை மூடிவிடும் என்கிறார்.
ஒரு வாசகி, விருத்தாசலம்

பதில்: தள்ளிப்போடாதீர்கள் அம்மா. கேன்சர் இல்லை என்ற சொல்லுக்கு ஒவ்வொரு கட்டியிலும் ஒவ்வொரு அர்த்தம். முன்னே சொன்ன கொண்டைக்கடலைக் கட்டி வலிக்குமே தவிர வளராது. உங்களுடையது அந்த வகை இல்லை, அது எலும்பை அரித்துக்கொண்டே மூட்டின் ஓரம் வரை போகும். 20 முதல் 40 வயதுக்குள், எலும்பு வளர்ந்து முடிந்தவர்களுக்கு, முழங்காலைச் சுற்றித்தான் அதிகம் வரும், அதற்கடுத்து மணிக்கட்டு. எலும்பின் சுவர் முட்டை ஓடு மாதிரி ஆகிவிடும். நீவிக் கட்டினால் அந்த ஓடு உடையும், உடைந்தால் கட்டி சுற்றியுள்ள தசையிலும் மூட்டிலும் சிந்திவிடும், இன்றைக்கு மூட்டைக் காப்பாற்ற முடிகிற அறுவை சிகிச்சை அப்புறம் முடியாமல் போகலாம். இந்த ஒரு விஷயத்தில் சொந்தக்காரர் மனம் நோகிறதே என்று பார்க்காதீர்கள். இன்றிலிருந்து அந்தக் கைக்கு மணிக்கட்டை அசையாமல் தாங்கும் ஸ்பிளின்ட் போடுங்கள், குழந்தையை உட்கார்ந்த இடத்தில் மடியில் வாங்கிக்கொள்ளுங்கள், தோசைக்கல்லை வேறு யாராவது இறக்கட்டும்.

மணிக்கட்டுக்கு எம்.ஆர்.ஐ., நெஞ்சுக்கு ஒரு படம், அப்புறம் ரத்தத்தில் கால்சியம், பாஸ்பரஸ், பாராதைராய்டு ஹார்மோன் பார்க்கச் சொல்லுங்கள். நெஞ்சுப் படம் எதற்கு என்றால், மிக அரிதாக இந்தக் கட்டி நுரையீரலில் போய் உட்காரும். கழுத்தில் உள்ள பாராதைராய்டு சுரப்பி அதிகமாக வேலை செய்தாலும் எலும்பில் இதே மாதிரி ஓட்டை விழும், மைக்ராஸ்கோப்பில் பார்த்தால்கூட இரண்டும் ஒன்று போலவே இருக்கும், ஆனால் அதற்கு மருத்துவம் கழுத்தில், கையில் இல்லை. அந்த ரத்தப் பரிசோதனையை விட்டுவிட்டுக் கத்தி வைத்தால் அநியாயம்.

சதை எடுத்துச் சோதிப்பதை, கடைசியில் யார் அறுவை சிகிச்சை செய்யப் போகிறாரோ அவரிடமே செய்துகொள்ளுங்கள், ஊசி போகிற பாதை பின்னால் வெட்டும் கோட்டில்தான் வர வேண்டும். கட்டியைச் சுரண்டி எடுத்துவிட்டு எலும்பு சிமென்ட்டோ எலும்புத் துண்டோ வைத்து நிரப்புவார்கள், ரொம்பவும் அரித்துவிட்டால் அந்த எலும்பு நுனியையே எடுத்து மாற்று எலும்பு வைப்பார்கள். டெனோசுமாப் என்ற ஊசியும் இருக்கிறது, அமெரிக்காவில் 2013ல் இந்தக் கட்டிக்கு அனுமதித்தார்கள், அறுவை சிகிச்சை சாத்தியமில்லாத இடங்களில் பெரிய உதவி. எல்லோருக்கும் அது தேவையில்லை. அடுத்த குழந்தைக்குத் திட்டமிருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், அந்த ஊசி கர்ப்பத்தில் கூடாது. சிகிச்சை முடிந்த பிறகும் சில வருடம் எக்ஸ்ரேக்கு வர வேண்டும், இது திரும்ப வருகிற குணம் உள்ள கட்டி.

கேள்வி: எனக்கு 17 வயது, கால்பந்து ஆடுவேன். முழங்காலுக்கு மேலே உள்பக்கம் கெட்டியாக ஒரு முடிச்சு. பந்து பட்டால் வலிக்கும், மற்ற நேரம் வலி இல்லை. எக்ஸ்ரேயில் எலும்பே வெளியே காளான் மாதிரி வளர்ந்திருக்கிறது என்று காட்டினார்கள். எடுத்துவிட வேண்டுமா?
ஒரு வாசகர், தூத்துக்குடி

பதில்: தம்பி, இது ஆஸ்டியோகாண்ட்ரோமா, எலும்பில் வரும் தீங்கற்ற கட்டிகளில் மிகச் சாதாரணமானது. நுனியில் ஒரு குருத்தெலும்புத் தொப்பி இருக்கும், நீ வளர்கிற வரை அதுவும் வளரும், நீ நின்றால் அதுவும் நின்றுவிடும். தொந்தரவு இல்லாவிட்டால் விட்டுவிடலாம். தசைநார் மேலே உரசி ஒவ்வொரு முறையும் வலிக்கிறது, கால் மரத்துப்போகிறது என்றால் எடுக்கலாம். உயரம் நின்ற பிறகும் இது மட்டும் பெரிதானால், அல்லது அடி படாமலே வலிக்க ஆரம்பித்தால், எம்.ஆர்.ஐ. எடுத்து அந்தத் தொப்பியின் தடிமனைப் பார்க்க வேண்டும், 2 சென்டிமீட்டருக்கு மேல் என்றால் தாமதிக்கக் கூடாது. உடம்பில் வேறு எங்காவது, அப்பா அம்மாவுக்கு எங்காவது இதே மாதிரி முடிச்சு இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துச் சொல். பந்தாடு, ஷின் கார்டுக்கு மேலே ஒரு பேடு கட்டிக்கொள்.

கேள்வி: எனக்கு 56 வயது. இரண்டு முழங்காலும் படி ஏறும்போது வலிக்கிறது. எனக்கும் இப்படி எலும்புக்குள் கட்டி இருக்குமோ என்று பயமாக இருக்கிறது.
ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: இரண்டு முழங்காலிலும், படி ஏறும்போது, உட்கார்ந்தால் குறைகிற வலி என்றால் அநேகமாகத் தேய்மானம்தான் அம்மா. நின்றபடி ஒரு எக்ஸ்ரே எடுத்தால் தெரிந்துவிடும், எம்.ஆர்.ஐ.க்கெல்லாம் இப்போது செலவு செய்யாதீர்கள். உங்கள் வயதில் நான் கவலைப்படுவது வேறு ஒன்றுக்கு: படுத்தாலும் விடாத வலி புதிதாக ஒரே எலும்பில் வந்தாலோ, முன்பு மார்பிலோ தைராய்டிலோ கட்டிக்குச் சிகிச்சை எடுத்திருந்தாலோ அதை மட்டும் மருத்துவரிடம் முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். 40க்கு மேல் எலும்பில் புதிதாகத் தெரிகிற ஓட்டையை நாங்கள் இளம் வயதுக் கட்டிகளின் கணக்கில் பார்ப்பதில்லை, வேறு இடத்திலிருந்து வந்ததா, ரத்த அணுக்களின் நோயா என்றுதான் முதலில் தேடுவோம். நீங்கள் எழுதியதில் அப்படி எதுவும் இல்லை. தொடைத் தசைக்குப் பயிற்சி கேட்டு வாங்கிக்கொண்டு தினமும் காலையில் பதினைந்து நிமிடம் செய்யுங்கள், ஆறு வாரம் கழித்து எப்படி இருக்கிறது என்று எழுதுங்கள்.